சாரதா தண்ணி

ஈரோட்டில் பெருந்துறை சாலையில் இருந்த அந்த மருத்துவமனையின் ஸ்கோப் அறைக்கு ஜட்ஜ் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைச் செய்த நிறுவனத்தார் அதற்கு வைத்த பெயர் வேறு. அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருந்தார்கள், ஒருவரும் படிக்கவில்லை. அது ஒன்று சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது என்பதால் வார்டு ஆயா ஒருத்தி முதல் வாரமே ஜட்ஜ் என்று கூப்பிட்டாள். அதுவே நிலைத்துவிட்டது.

ஜட்ஜின் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆசனவாய் வழியாக உள்ளே போகும் குழாயின் நுனியில் ஒரு கேமரா இருக்கும். சில பேருக்குப் பெருங்குடலின் உள்சுவரில் சின்னதாகச் சதை முளைத்திருக்கும், பாலிப் என்பார்கள். சிலது ஆயுசுக்கும் சும்மா கிடக்கும், சிலது போகப்போகப் புற்றுநோயாகும். முன்னெல்லாம் கண்டதையெல்லாம் வெட்டி, பாட்டிலில் போட்டு, லேபுக்கு அனுப்பி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ஜட்ஜ் அந்த வேலையை மூன்று நொடியில் முடித்தது. சதையின் மேல்தோலில் புள்ளிகள் எப்படி இருக்கின்றன, ரத்தக்குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்துப் பெண் குரலில் சொல்லும். "வகை ஒன்று. விட்டுவிடலாம்." அல்லது, "வகை இரண்டு. வெட்டி எறியலாம்." அல்லது, "வகை மூன்று. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவும்." மூன்றையும் ரயில் வருகையை அறிவிப்பது போல ஒரே குரலில்தான் சொல்லும்.

எறியலாம் என்றால் குப்பையில் எறிவதுதான். லேபுக்குப் போகாது, ஏனென்றால் லேப் கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஜட்ஜ் சரியாகச் சொல்கிறது என்று ஆனதும் மனிதத் திசு பார்க்கும் லேபுகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். மீதி இரண்டு என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டுமென்றால் லேப் வேண்டும்.

அந்த அறையின் டெக்னீஷியன் சாரதாமணி. வயது நாற்பத்தேழு, பத்தொன்பது வருட சர்வீஸ். டாக்டர் ரங்கதுரை குழாயை ஓட்டுவார். அவர் கை நீட்டுமுன் வேண்டியதை எடுத்துக் கொடுப்பது, ஊசிக்குழலால் தண்ணீர் பீய்ச்சிக் குடல்சுவரைக் கழுவுவது, எல்லாம் இவள். சுத்தம் என்றால் இவளுக்கு ஒரு வெறி என்றுதான் சொல்ல வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு நோயாளியையும் தன் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டு, "மருந்து குடிச்சாச்சுங்களா? எத்தன தடவ போச்சுங்க? தண்ணியாட்டம் போகுதா, கலங்கலாப் போகுதுங்களா?" என்று கேட்பாள். கலங்கல் என்றால் இன்னும் ஒரு லிட்டர் குடிக்க வைத்துவிட்டுத்தான் போனை வைப்பாள். ஊரில் பாதிப்பேர் போனில் அவள் எண் 'பேதி அக்கா' என்று பதிவாகியிருந்தது. அவளுக்கும் அது தெரியும். வருத்தமொன்றும் இல்லை.

எத்தனை தடவை போனாலும் குடல்சுவரில் கொஞ்சம் சளி ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதையும் விடுவதாக இல்லை சாரதாமணி. வெதுவெதுப்பான தண்ணீரில் நுரை அடக்கும் சொட்டு மருந்தையும், நெஞ்சுச் சளியைக் கரைக்கும் பொடியையும் தானே ஒரு பதத்தில் கலந்து பார்த்தாள். இரண்டு ஊசிக்குழல் பீய்ச்சினால் போதும், சுவர் புதுத்தட்டு மாதிரி ஆகிவிடும். ஜட்ஜ் ஒவ்வொரு படத்துக்கும் சுத்த மதிப்பெண் போடும். மற்ற ஊர்களில் எண்பதைத் தாண்ட முக்கினார்கள், இந்த அறையில் தொண்ணூற்றேழு. நிறுவனத்திலிருந்து பூங்கொத்தோடு வந்து பார்த்தார்கள். கலவையை எழுதி வாங்கிப் போய் நாற்பது மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் அதற்கு 'சாரதா தண்ணி' என்றே பெயர். தன் பேரில் ஒரு தண்ணி ஊர் ஊராகப் போகிறது என்றால் பெருமை இருக்காதா பின்னே? அவளுக்கும் இருந்தது.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை செங்கோடன் வந்தார். டவுன் பஸ் டிரைவர், வயது ஐம்பத்தாறு. மூன்று வருடத்துக்கு முன் இதே மேசையில் படுத்து, வகை ஒன்று என்று கேட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனவர். இப்போது ரத்தம் குறைந்து, கியர் போடுவதற்கே மூச்சு வாங்கியதால் வந்திருந்தார். குழாய் வலது பக்கக் குடலுக்குள் திரும்பியதும் ஜட்ஜ் "வகை மூன்று" என்றது. அது சொல்லியே இருக்க வேண்டாம். கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தது, யார் பார்த்தாலும் தெரியும்.

டாக்டர் பழைய பதிவை எடுக்கச் சொன்னார். அதே இடம், அதே மடிப்பு. திரையின் ஓரத்தில் ஜட்ஜ் எழுதியது: 'முன்பு இருந்தது வகை ஒன்று. வகை ஒன்று மாறாது. எனவே இது புதியது.'

"அதே எடத்துலயா?" என்றார் டாக்டர். ஜட்ஜ் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

சாரதாமணிக்கு அந்தப் பாலிப் ஞாபகம் இருந்தது. ஆயிரம் பாலிப் பார்த்தவளுக்கு ஒன்று ஞாபகம் இருக்குமா என்றால், இருந்தது. தட்டையாக, மேலே மஞ்சளாகச் சளி ஆடை கட்டியிருந்தது. சுலபத்தில் போகாமல் அவளை மூன்று ஊசிக்குழல் பீய்ச்ச வைத்தது. கடைசியில் மதிப்பெண் தொண்ணூற்றொன்பது. அன்றைக்கு வீட்டில் போய்ச் சொல்லிக்கூட இருந்தாள்.

மத்தியானம் சாப்பிடாமல் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தீர்ப்புக்கும் அரை நிமிடப் படம் ஜட்ஜிடம் இருக்கும். ஆரம்பத்தில், தண்ணீர் படுவதற்கு முன்னால், திரை ஓரத்தில் இரண்டு நொடி 'வகை இரண்டு' என்று இருந்தது. பிறகு தண்ணீர், மறுபடி தண்ணீர், மறுபடியும் தண்ணீர். சளி போனதும் 'வகை ஒன்று'. கடைசித் தீர்ப்புதான் செல்லும் என்பது விதி, ஏனென்றால் கடைசிப் படம்தான் சுத்தமான படம். நாலு தடவை பார்த்தாள். எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள்.

"ஒண்ணு ரெண்டு தப்பு எங்கயும் வரும் சாரதா" என்றார் அவர், பார்த்துவிட்டு.

"தப்பு வந்தாச் சரிங்க டாக்டர். கழுவறதுக்கு முன்னாடி சரியாச் சொன்னது, கழுவுனப்புறம் தப்பாச் சொல்லுதுங்களே. அதத்தான் கேக்கறேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு ஜாதிப் பாலிப் இருக்குது. வலது பக்கமாத்தான் பெரும்பாலும் வரும். தட்டையா, சாதுவாட்டம் படுத்திருக்கும். மேல்தோலு அப்படியே வகை ஒண்ணாட்டமே இருக்கும். ஆனா கெட்டுப்போற ஜாதி. அதுக்கு ஒரே அடையாளம், மேல இந்த மாதிரி சளி போத்திக்கிட்டு இருக்கும்."

"ஜட்ஜுக்கு அது தெரியுங்களா?"

"தெரியும்னும் சொல்ல முடியாது. வேற எங்கயோ லட்சம் படத்தக் காட்டி அதப் பழக்கியிருக்காங்க. அங்கெல்லாம் இந்த அளவுக்கு யாரும் கழுவியிருக்க மாட்டாங்க. சளி இருந்தாக் கெட்டதுன்னு அதுவாப் புடிச்சுக்கிட்டிருக்குது. நாம சளியக் கரைச்சுட்டோம்."

நாம என்று அவர் சொன்னது மரியாதைக்கு என்று சாரதாமணிக்குத் தெரியும். கழுவியது அவள். நாற்பது ஊருக்குக் கற்றுக் கொடுத்ததும் அவள்தான்.

ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது என்றார் டாக்டர். அதற்கும் வாய்ப்பு வந்தது. புதன்கிழமை வெல்ல மண்டி நாச்சிமுத்து மேசையில் படுத்தார். அறுபத்தொரு வயது, சர்க்கரை உண்டு. வலது பக்கத்தில் தட்டையாக ஒன்று, மேலே மஞ்சள் ஆடை. சாரதாமணி ஊசிக்குழலைப் பிடித்தபடி பீய்ச்சாமல் நின்றாள். பத்தொன்பது வருடத்தில் ஓர் அழுக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது அதுதான் முதல் தடவை, கை நமநமவென்றது.

"வகை இரண்டு. வெட்டி எறியலாம்" என்றது ஜட்ஜ்.

"இப்பக் கழுவுங்க" என்றார் டாக்டர்.

கழுவினாள். "வகை ஒன்று. விட்டுவிடலாம்."

டாக்டர் சுருக்குக் கம்பியை உள்ளே விட்டு அதை வெட்டி எடுத்துவிட்டார். வகை ஒன்றை வெட்டினால் திரையில் மறுப்புப் படிவம் வரும், காரணம் சொல்ல வேண்டும். 'நோயாளி அசைந்தார்' என்பதை அழுத்தினார். நாச்சிமுத்து மயக்க மருந்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வெட்டியதை யாரிடம் காட்டுவது? மனிதச் சதையைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. மாட்டுச் சதைக்கு இருந்தார்கள், ஏனென்றால் மாடுகளுக்கு இன்னும் ஜட்ஜ் வரவில்லை. டாக்டரின் மைத்துனர் குப்புராஜ் நாமக்கல் பக்கம் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் இருந்தார். பாட்டிலில் 'பசு' என்று எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். படிவத்தைப் பூர்த்தி செய்தது சாரதாமணி. ஐந்தாம் நாள் போன் வந்தது. டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், மாட்டுக்கு வயசு அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்குது."

டாக்டர் சாரதாமணியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கை பழகிய பழக்கம்.

"சர்க்கரை உண்டுன்னும் போட்டிருக்குது" என்றார் குப்புராஜ். "நான் ஒண்ணும் கேக்கலீங்க. ஆனா இந்தச் சதை ரம்பப் பல்லாட்டம் வளர்ந்திருக்குது. மாட்டுல நான் இதப் பார்த்ததில்ல, புத்தகத்துல மனுசனுக்குப் போட்டிருப்பாங்க. வெட்டுனது நல்லதாப் போச்சு. அப்படியே விட்டிருந்தா ரெண்டு மூணு வருசத்துல அந்த மாடு தாங்காதுங்க."

போனை வைத்த பிறகு சாரதாமணி கம்ப்யூட்டரில் எண்ணிப் பார்த்தாள். சாரதா தண்ணி வந்த நாளிலிருந்து இந்த அறையில் மட்டும் வலது பக்கத்தில் வகை ஒன்று என்று விடப்பட்டவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பேர்.

டாக்டர் நிறுவனத்துக்கு எழுதினார். மூன்றாம் நாள் காரில் அபிநந்தன் என்ற அதிகாரி வந்தார். இளைஞர், இஸ்திரி மடிப்பு கலையாதவர். வீடியோ இரண்டையும் பொறுமையாகப் பார்த்தார்.

"வகை ஒன்று புற்றுநோயா மாறாது சார்" என்றார். "மாறினா அது வகை ஒன்று இல்ல. அப்ப அது புதுசு."

"அதே எடத்துல இருக்குதுங்களே" என்றாள் சாரதாமணி.

"அதே இடத்துல புதுசு மேடம்."

டாக்டர் இருமினார். "ஆயிரத்து நூத்தி நாப்பது பேரையும் மறுக்காக் கூப்பிட்டுப் பார்க்கோணுங்க."

"அதுல எத்தனை பேருக்கு நிஜமாவே கெட்டது இருக்கும் சார்?"

"அது தெரிஞ்சா எதுக்குக் கூப்பிடறோம்?"

அபிநந்தன் தலையாட்டினார். நல்ல பதில் என்று ஒத்துக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. "கூப்பிட்டா ஊரெல்லாம் பயம் பரவும். யாரும் ஸ்கோப் பண்ணிக்கவே வரமாட்டாங்க, அதுல இன்னும் நாலு பேர் சாவாங்க. நாளையிலேர்ந்து அந்தத் தண்ணிய நிறுத்திடுங்க. அதோட சனிக்கிழமை புதுப் பதிப்பு வருது. நாட்டிலேயே சுத்தமான படங்களை வெச்சுப் பழக்கியிருக்கோம். அதிகம் எடுத்தது உங்க அறையிலதான் மேடம். நீங்க பெருமைப்படணும்."

போகும்போது ஒரு காகிதத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இந்த விஷயம் நிறுவனத்தின் பரிசீலனையில் உள்ளது, முடிவு வரும்வரை மருத்துவமனை சார்பில் யாரும் நோயாளிகளிடம் பேசக்கூடாது என்று அதில் இருந்தது. எப்போது முடிவு வரும் என்று அதில் இல்லை.

"எனக்கு ரெண்டு பொண்ணு படிச்சுட்டிருக்குது சாரதா" என்றார் டாக்டர், அவள் ஒன்றும் கேட்காமலே.

சாரதாமணிக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். நோயாளிகளிடம் சொன்னால் வேலை போகும், அது போகட்டும் என்று இருந்துவிடலாம். ஆனால் ஆயிரம் வீட்டில் தன் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றுவார்களே, அதுதான் பெரிய பயம். கழுவியது ஒரு குற்றமா என்று தனக்குத்தானே நூறு தடவை கேட்டுக்கொண்டாள். குற்றம் இல்லை என்றே ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. ஆனால் செங்கோடன் இரண்டாம் மாடியில் ரத்தம் ஏற்றிக்கொண்டு, கோயம்புத்தூரில் படுக்கை கிடைப்பதற்காகக் காத்துக்கிடந்தார். அவள் இரண்டாம் மாடிக்குப் போனாள்.

செங்கோடன் விழித்துத்தான் இருந்தார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: மஞ்சள் ஆடை, மூன்று ஊசிக்குழல், முதலில் இரண்டு, பிறகு ஒன்று. டாக்டரையோ ஜட்ஜையோ சாக்கு சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை.

அவர் ரொம்ப நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவாம உட்டிருந்தா அன்னிக்கே வெட்டியிருப்பாங்க?"

"ஆமாங்க."

"செரி" என்றார். பிறகு திடீரென்று எழுந்து உட்கார முயன்றார். "அம்மணி, அன்னிக்கி நாங்க சோடியா வந்தோம். புருசன் பொண்டாட்டிக்கு ஒண்ணா பரிசோதனைன்னு போர்டு வெச்சிருந்தீங்க. எனக்கு அடுத்தாப்புல அவளப் பார்த்தீங்க. அவளுக்கும் நீங்கதான் கழுவுனீங்களா?"

அன்றைக்கு அடுத்தாற்போல் யார் என்று சாரதாமணி பார்க்கவே இல்லை. தொண்ணூற்றொன்பது வாங்கிய சந்தோஷத்தில் இருந்தாள். போனில் பதிவைத் தேடினாள். பாவாயி, அப்போது வயது நாற்பத்தொன்பது. வலது பக்கம், வகை ஒன்று. விடப்பட்டது.

"அவளுக்கு என்ன போட்டிருக்குது?"

"வகை ஒண்ணுங்க."

"அப்ப எங்கிட்ட எதுக்கு அழுதுட்டு நிக்கறீங்க? எனக்கு ஆகறது ஆயிப்போச்சு. அவளப் பாருங்க மொதல்ல." தலையணையில் சாய்ந்துகொண்டார். "எனக்குச் சொன்னத அவளுக்கும் நீங்களே சொல்லீரோணும். நாஞ் சொன்னா என்னயத்தான் திட்டுவா."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாரதாமணி, மறுநாள் ஸ்கோப்புக்கு வரச் சொல்லியிருந்த பாவாயியைப் போனில் கூப்பிட்டு எத்தனை தடவை போயிற்று என்று கேட்டாள். அதோடு நிற்காமல் அந்த ஆயிரத்து நூற்று நாற்பது பேர் பட்டியலில் மேலே இருந்த இன்னும் ஒன்பது பேரையும் மறுபடி ஸ்கோப்புக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாள். மருத்துவமனை சார்பில்தானே பேசக்கூடாது? அவள் தன் போனில், தன் பெயரைச் சொல்லிப் பேசினாள்.

திங்கட்கிழமை காலை பாவாயி மேசையில் ஒருக்களித்துப் படுத்தார். மயக்க மருந்து ஏறியது. டாக்டருக்கு விஷயம் தெரியும். தெரியாத மாதிரி குழாயை ஓட்டினார். வலது பக்கம் திரும்பியதும் மூன்றாவது மடிப்பில் அது இருந்தது. தட்டையாக, மஞ்சள் ஆடை போர்த்திக்கொண்டு. சாரதாமணி ஊசிக்குழலை எடுக்கவே இல்லை.

"வகை ஒன்று. விட்டுவிடலாம்" என்றது ஜட்ஜ்.

டாக்டர் குழாயைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மறுபடி கொண்டுபோனார்.

"வகை ஒன்று. விட்டுவிடலாம்."

"கழுவவே இல்லையே" என்றார் டாக்டர் மெதுவாக.

"சனிக்கிழமை புதுசு போட்டுட்டாங்க டாக்டர்" என்றாள் சாரதாமணி. "எல்லாம் நாங் கழுவுன படங்க. இந்தச் சளிய அது பார்த்ததே இல்லீங்க."

இனி எந்த ஊரிலும் அது பார்க்காது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பிறகு டாக்டர் சுருக்குக் கம்பியைக் கேட்டார், அவள் கொடுத்தாள். வெட்டுவதற்கு முன்னாலேயே மறுப்புப் படிவம் வந்து நின்றது. புதுப் பதிப்பில் காரணம் சொன்னால்தான் கம்பிக்குக் கரண்ட் வரும்.

டாக்டர் 'நோயாளி அசைந்தார்' என்பதை அழுத்தினார்.

"நோயாளி அசையவில்லை" என்றது ஜட்ஜ்.

'கருவிப் பழுது' என்று போட்டால் இன்ஜினீயர் வரும்வரை அறையைப் பூட்ட வேண்டும். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. 'படம் சுத்தமில்லை. டெக்னீஷியனின் கவனக்குறைவு.' அதற்கு டெக்னீஷியனின் கட்டைவிரல் ரேகை வேண்டும். ஆறு வருடத்தில் அந்த அறையில் அது ஒரு தடவைகூடத் தொடப்படவில்லை.

டாக்டர் அவள் பக்கம் திரும்பவில்லை. கேட்கவும் இல்லை.

சாரதாமணி கையுறையைக் கழற்றினாள். கட்டைவிரலை வைத்தாள்.

"இந்த அறையில் முதல் முறை" என்றது ஜட்ஜ். "உறுதியா?"

மறுபடியும் வைத்தாள். அழுத்தி வைத்தாள். கம்பிக்குக் கரண்ட் வந்தது, டாக்டர் சுருக்கை இறுக்கினார், சதை தனியாக வந்தது. திரையில் அறையின் மதிப்பெண் கீழே இறங்கியது.

"வெளிய எத்தன பேர் உக்காந்திருக்காங்க?" என்றார் டாக்டர்.

"ஒம்பது பேருங்க."

"எல்லாத்துக்கும் உங்க வெரலு வேணும் சாரதா."

"வெச்சுக்கலாங்க டாக்டர்."

பாவாயி கண் விழிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அந்த மேசையிலிருந்து எழுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பதைத்தான் அவரும் கேட்டார். கூச்சத்தோடு சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏங் கண்ணு, உள்ள நல்லா சுத்தமா இருந்துச்சா? எட்டுத் தடவ போனேன்."

"உங்க பக்கம் சுத்தமா இருந்துச்சுங்க" என்றாள் சாரதாமணி. "எங்க பக்கந்தான் இல்லீங்க."

பாவாயிக்கு ஒன்றும் புரியவில்லை. சாரதாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று வருடத்துக்கு முந்திய அந்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.